கேட்டால் விபரீதமாகிவிடுமா?

கேள்வி: பள்ளியில் விளையாட்டுப் பயிற்சியாளராக இருக்கிறேன். இளையோருக்கான மனநல முதலுதவிப் பயிற்சியில் சேரச் சொல்கிறார்கள். 15 வயதுப் பிள்ளையிடம் தற்கொலை பற்றிக் கேட்டு, இல்லாத நினைப்பை நானே கிளப்பிவிட்டால்?

பதில்: கிளம்பாது. ஆய்வு செய்தே பார்த்துவிட்டார்கள், நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. விபரீதம் சுற்றிவளைத்துக் கேட்பதில்தான். ‘அப்படியெல்லாம் ஒண்ணும் நினைக்கலையே?’ என்றால், இல்லை என்ற பதிலை நீங்களே அவன் வாயில் ஊட்டுகிறீர்கள். ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்று கேளுங்கள், அப்புறம் பேசாமல் இருங்கள். அந்த அரை நிமிஷ மௌனம் தாங்காமல்தான் நாம் அறிவுரையை அவிழ்த்துவிடுகிறோம். நல்ல பயிற்சியில் இதை இருவர் இருவராக உட்காரவைத்துப் பழக்குவார்கள்.

இந்த முதலுதவித் திட்டம் 2000-இல் ஆஸ்திரேலியாவில் செவிலியர் பெட்டி கிச்சனரும் மனநல ஆய்வாளர் ஆந்தனி ஜோர்மும் தொடங்கியது. பெயரிலேயே இருக்கிறது, முதலுதவி. சுளுக்குக்கு ஐஸ் வைப்பவர் எலும்பு டாக்டர் ஆவதில்லை அல்லவா? ஆனால் இரண்டு மணி நேர ஆன்லைன் வகுப்பு நடத்தி, ‘சான்றிதழ் பெற்ற கவுன்சிலர்’ என்று அட்டை நீட்டும் வியாபாரிகள் பெருகிவிட்டார்கள். பேசிப் பழகும் பயிற்சி உண்டா என்று கேளுங்கள், மழுப்பினால் பணம் கட்டாதீர்கள்.

பிள்ளை சொல்வதை வெளியே விடக்கூடாது, சரி. விதிவிலக்கு, உயிருக்கு ஆபத்து, அல்லது பிள்ளையை யாராவது கொடுமைப்படுத்துவது. ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க’ என்பான், பண்ணாதீர்கள். ‘ஊரெல்லாம் சொல்லமாட்டேன், ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா, இல்ல யாராவது உன்னைக் கொடுமைப்படுத்தினா, ஒருத்தர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், யார்கிட்ட சொல்லலாம்னு நீயே சொல்லு’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே சத்தியம் பண்ணிவிட்டீர்களா? மீறுங்கள், அவனிடம் சொல்லிவிட்டே மீறுங்கள். பெற்றோரிடம்தான் போகவேண்டும் என்றும் இல்லை, அடிப்பதே அப்பா என்றால் அங்கே போய்ச் சொல்லி என்ன பயன்? இப்போதே ஏதாவது செய்துகொள்வான் போலிருந்தால் தனியாக விடாதீர்கள், அவசர உதவியைக் கூப்பிடுங்கள்.

எனக்கு எரிச்சல் வருவது நிர்வாகங்கள் மேல். பயிற்சி நடத்தி, குழுப் படம் எடுத்து, கோப்பை மூடிவிடுவார்கள். பிறகு ஒரு பிள்ளையை அனுப்ப வேண்டி வந்தால், மனநல மருத்துவரிடம் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் காத்திருப்பு. அதனால் சேரும் முன்பே, யாரிடம் அனுப்ப வேண்டும், பள்ளி நேரம் முடிந்தபின் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று பெயரும் எண்ணுமாக எழுதி வாங்குங்கள். அது கைக்கு வராமல் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.