வழுக்கைக்குப் புது மருந்து வரும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: வயது 26, ஊர் தக்கலை. நெற்றி இரண்டு பக்கமும் ஏறிக்கொண்டே போகிறது. மினாக்சிடில் தொடங்கினால் ஆயுசுக்கும் விடக்கூடாது என்கிறார்கள். புது மருந்துக்கு அனுமதி கிடைக்கப்போகிறது என்று செய்தி வருகிறதே, அதுவரை பொறுக்கலாமா?

நீங்கள் பொறுக்கலாம், மயிர்க்கால் பொறுக்காது. டிஹெச்டி என்ற ஆண் ஹார்மோன் ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் அதைச் சுருக்குகிறது. முடி மெலிந்து பூனைமுடியாகிறது. அந்த நிலையில் இருப்பதைத் தேற்றலாம். தோல் பளபளத்துவிட்ட இடத்தில் இன்றைய மருந்து எதுவும் பெரிதாக எடுபடாது.

செய்திகளில் இரண்டு நோய்கள் கலந்து வருகின்றன. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-இல் பாரிசிட்டினிப், 2023-இல் ரிட்லெசிட்டினிப், 2024-இல் டியூருக்சோலிட்டினிப் என்று அனுமதித்தவை மூன்றும் கடுமையான புழுவெட்டுக்கான மாத்திரைகள். நோயெதிர்ப்பை அடக்கி வேலை செய்பவை. உங்கள் நெற்றிக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. ஆண்களின் வழுக்கைக்கு அங்கே 1988-இல் தேய்க்கும் மினாக்சிடிலும் 1997-இல் ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரையும் அனுமதி பெற்றன. ஃபினாஸ்டரைடு வகையைச் சேர்ந்த டியூட்டாஸ்டரைடை தென்கொரியாவும் ஜப்பானும் வழுக்கைக்கு அனுமதித்திருக்கின்றன.

வரப்போகிறவற்றில் முன்னால் நிற்பது கிளாஸ்கோடெரோன் 5 சதவீதக் கரைசல். தலைத்தோலிலேயே டிஹெச்டி போய் ஒட்டும் இடத்தை மறிப்பது; இதன் 1 சதவீத கிரீம் 2020 முதல் அமெரிக்காவில் முகப்பரு மருந்து. மூன்றாம் கட்டச் சோதனை முடிவு 2025 டிசம்பரில் வந்தது. ஒரு சோதனையில் ‘539 சதவீத முன்னேற்றம்’ என்றதும் பலர் துள்ளிவிட்டார்கள். அது மருந்தில்லாத கரைசலோடு ஒப்பிட்ட விகிதம். குறிப்பிட்ட இடத்தில் வெறும் கரைசல் 2 முடி கூட்டி, மருந்து 13 கூட்டினாலும் கணக்கு 550 சதவீதம் வரும் (எண்கள் உதாரணத்துக்கு). எத்தனை முடி கூடியது என்று பாருங்கள், சதவீதத்தை விடுங்கள். விண்ணப்பம் போன பிறகு எஃப்டிஏ-வின் வழக்கமான பரிசீலனைக்கே 10 முதல் 12 மாதம். கடைசிக் கட்டத்தில் சறுக்குவதும் உண்டு: பைரிலூட்டமைடு என்ற தேய்க்கும் மருந்து 2023-இல் சீனாவின் மூன்றாம் கட்டச் சோதனையில் மருந்தில்லாத கரைசலைத் தெளிவாக முந்தவில்லை.

அங்கே அனுமதி கிடைத்த மறுநாள் மார்த்தாண்டம் மெடிக்கலில் கிடைக்காது. 2019 புதிய மருந்து விதிகளின்படி நிறுவனம் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொதுவாக இந்திய நோயாளிகளிடமும் சோதனை கேட்பார்கள். இந்தச் சோதனையிலிருந்து 2024 ஆகஸ்டில் தந்த விலக்கு அரிய நோய், மரபணுச் சிகிச்சை போன்றவற்றுக்கு. வழுக்கை மருந்து அதில் நுழைவது கஷ்டம். இங்கே சோதனை தொடங்கினால் முதல் ஆள் சேரும் முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைகளின் இணையப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்தின் பெயரை அங்கே தேடுங்கள், யூடியூப்பை நம்பிப் பயனில்லை.

அதற்குள் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று ஒட்டிய பொடியை இணையத்தில் வாங்கிக் கலக்காதீர்கள். உள்ளே என்ன, எவ்வளவு என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

மினாக்சிடில் 5 சதவீதம்: ஒரு வேளைக்கு 1 மி.லி., காலை இரவு, காய்ந்த தலைத்தோலில். 60 மி.லி. பாட்டில் சரியாக 30 நாளில் தீர வேண்டும். இரண்டு மாதம் வந்தால் பாதி அளவுதான் போகிறது. நம் ஊரில் கெடுவது பெரும்பாலும் தேங்காய் எண்ணெயால்தான். எண்ணெய்த் தலையில் மருந்து இறங்காது; மருந்தை முதலில் போட்டு 4 மணி நேரம் கழித்து எண்ணெய், அதுவும் முடிக்கு மட்டும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் போட்டால் வியர்வையிலேயே வழிந்துவிடும். வேலை முடிந்து குளித்து, தலை காய்ந்த பிறகு போடட்டும். இரவில் படுப்பதற்கு 2 மணி நேரம் முன்னால் போடாவிட்டால் மருந்து தலையணை வழியாக முகத்தில் பட்டு அங்கே முடி முளைக்கலாம். அரிப்பு பெரும்பாலும் புரோப்பிலீன் கிளைக்காலால். அது இல்லாத நுரை வகையைக் கேளுங்கள். வீட்டில் பூனை இருந்தால் நக்கவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது வாரத்துக்கு மேல் உதிர்வு கூடும், எட்டு வாரம் வரை நீளலாம். நிறையப் பேர் பயந்து நிறுத்துவது இங்கேதான். பலனை நான்காவது மாதத்துக்கு முன் எடைபோட வேண்டாம். நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் பழைய நிலை. ஆயுசுக்கும் விடக்கூடாது என்ற பேச்சு உண்மைதான். ஆனால் புது மருந்து எதுவும் ஒருமுறை போட்டு விடுவதாக வரவில்லை, கிளாஸ்கோடெரோனும் தினமும் தேய்ப்பதே.

ஃபினாஸ்டரைடை டாக்டர் சீட்டில்லாமல் தொடாதீர்கள். பாலுணர்வுக் குறை, மனச்சோர்வு வரலாம். தற்கொலை எண்ணத்தை ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் பக்கவிளைவாக உறுதிசெய்தது. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணி தொடக்கூடாது. நிறுத்தி ஒரு மாதம் ஆகும்வரை ரத்ததானம் கிடையாது. பிராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் அளவு பாதியாகக் காட்டும். டெஸ்ட் எடுக்கும்போது சொல்லிவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நெற்றியை ஏற்றாது. டெங்கு, டைஃபாய்டு வந்து இரண்டு மூன்று மாதத்தில் கொட்டுவது வேறு கதை, பெரும்பாலும் தானே திரும்பும். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவுக்குப் போகும்போது ஒரே வெளிச்சத்தில், காய்ந்த தலையில், மாதாமாதம் எடுத்த படங்களைக் கொண்டுபோங்கள். அன்று தலையில் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் இருந்தால் முடியின் தடிமனைப் பார்க்க முடியாது.