கேளுங்க, சொல்றேன்: காபூல் ஓட்டும் கொளச்சல் கப்பலும்

போன இதழ்ல ஆப்கானிஸ்தானோட 2009 எலெக்‌ஷன் பத்தி, அந்தத் தகராறு தீராம கூடுதல் படை அனுப்பாம அமெரிக்க அதிபர் ஒபாமா காத்திருந்தது தப்பில்லன்னு ரெண்டே ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு தபாலும் வாட்ஸ்அப்புமா வந்து குவிஞ்சுட்டு. சாயாக்கடையில பேசி முடிக்காத மிச்சத்தை எனக்கு அனுப்புறீங்கன்னு நினைக்கேன். இருக்கட்டும், முடிஞ்ச வரைக்கும் சொல்லுதேன்.

கேள்வி: 54 சதவீதம் வாங்கின ஆளு எப்படிண்ணே 49-க்கு இறங்கினாரு? அவங்களுக்கு எண்ணத் தெரியாதா? (மார்த்தாண்டம் வாசகர்)

எண்ணத் தெரியும் தம்பி, கூடுதலாவே எண்ணிட்டாங்க, அதாக்கும் பிரச்சனை. ஆகஸ்ட் 20 ஓட்டுப்பதிவு, முதல் கணக்குல, அப்ப அதிபரா இருந்த ஹமீத் கர்சாய்க்கு 54.6 சதவீதம். புகாரை விசாரிக்க தனியா ஒரு கமிஷன் இருந்துச்சு, அஞ்சு பேர்ல மூணு பேரு ஐ.நா. போட்ட வெளிநாட்டுக்காரங்க, அவங்க பெட்டியைத் திறந்து பாத்து 210 பூத் ஓட்டை மொத்தமா செல்லாதுன்னு தள்ளி, மத்த இடத்துலயும் சாம்பிள் கணக்குல கழிச்சா நிக்குது 49.67. அங்க சட்டப்படி பாதிக்கு மேல வேணும். நமக்கு அப்படி இல்லல்லா, அதே 2009-ல நம்ம கன்னியாகுமரி தொகுதியில ஹெலன் டேவிட்சன் ஜெயிச்சதும் பாதிக்குக் கீழ வாங்கித்தான், நம்ம ரூல் அது, யாரும் முணுமுணுக்கல.

சண்டை நடக்குற இடத்துல திறக்கவே திறக்காத பூத்துல இருந்தெல்லாம் ஓட்டு வந்துச்சு. அதைப் பத்தி ஐ.நா. குழுவுல ரெண்டாவது இடத்துல இருந்த பீட்டர் கல்பிரெய்த் மல்லுக்கு நின்னாரு, செப்டம்பர் 30-ந்தேதி வேலை போச்சு. நவம்பர் 7-க்கு ரெண்டாவது ரவுண்டு வச்சாங்க. எலெக்‌ஷன் கமிஷன் தலைவரை மாத்துங்கன்னு எதிர்ல நின்ன அப்துல்லா கேட்டாரு, மாத்தல, நவம்பர் 1-ல விலகிட்டாரு. மறுநாளே கர்சாய் ஜெயிச்சதா அறிவிப்பு. வாக்கோவர்னு சொல்வோம்லா, அதுதான்.

கேள்வி: நான் பட்டாளத்துல 17 வருஷம் இருந்தவன். களத்துல நிக்க ஜெனரல் ஆள் கேட்டா மூணு மாசம் யோசிக்கது அநியாயம் இல்லியா? (தக்கலை வாசகர்)

அண்ணாச்சி, உங்க கோபம் எனக்குப் புரியுது. அங்க அமெரிக்கப் படையை நடத்தின ஜெனரல் மெக்கிறிஸ்டல், நிலைமை மோசம்னு கொடுத்த ரிப்போர்ட் ஆகஸ்ட் 30-ந்தேதி, அது செப்டம்பர் 21-ல வாஷிங்டன் போஸ்ட்ல கசிஞ்சு வெளிய வந்துட்டு. அவரு கேட்டது 40,000 பேர் வரை, ஒபாமா முடிவு சொன்னது டிசம்பர் 1, அதுவும் 30,000-ன்னு. நடுவுல அக்டோபர் மாசம் மட்டும், அதுவரைக்கும் அந்தச் சண்டையில அமெரிக்கப் பட்டாளத்துக்கு அதிகம் சாவு விழுந்த மாசம், அதை நான் மறைக்கல. முன்னாள் துணை அதிபர் டிக் செய்னி ‘தயங்கித் தயங்கி நிக்காரு’ன்னு திட்டினதும் அப்பதான்.

ஆனா ரெண்டு தேதியையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆகஸ்ட் 20-ல இருந்து நவம்பர் 2 வரைக்கும் அந்த நாட்டுல ஜெயிச்சது யாருன்னே முடிவாகல. வில்லங்கத்துல கிடக்க புரயிடத்துக்கு நீங்க கடன் வாங்கி காம்பவுண்டு கட்டுவீங்களா? பத்திரம் யார் பேருக்கு வருதுன்னு பாப்பீங்கல்லா. காபூல்ல இருந்த அமெரிக்கத் தூதர் ஐகன்பெரி, அவரே முன்னால அங்க படையை நடத்தின ஜெனரல், அவரு நவம்பர்ல ரகசியமா எழுதினதும் இதேதான், கர்சாயை நம்பி இறங்க முடியாதுன்னு. அதோட, ஒபாமா அந்த வருஷ ஆரம்பத்துலயே 21,000 பேரை அனுப்ப உத்தரவு போட்டிருந்தாரு, அதனால கையைக் கட்டிட்டு இருந்தாருன்னும் சொல்ல முடியாது.

அப்ப என் குறை என்னன்னா, காத்திருந்தது தப்பில்ல, காத்திருந்து ஒண்ணும் வாங்கல. ரெண்டாவது ரவுண்டும் நடக்கல, கமிஷனும் திருந்தல, பழைய ஆளே உக்காந்தாரு, படையும் கிளம்பிப் போச்சு. போதாதுக்கு, 30,000 பேரை அனுப்புதேன்னு சொன்ன அதே மேடையில 2011 ஜூலையில திரும்பக் கூப்பிட ஆரம்பிப்பேன்னும் சொல்லிட்டாரு, அது தாலிபானுக்கும் கேட்டிருக்கும்லா. அடுத்த வருஷம் பிப்ரவரியில கர்சாய் அந்தப் புகார் கமிஷன்ல இருக்க அஞ்சு பேரையும் தானே போடுற மாதிரி ஆணை கொண்டுவந்தாரு பாருங்க, அங்க இருக்கு விஷயம்.

கேள்வி: எங்க ஊர்ல டச்சுக்காரன் தோத்ததும் இதே கதைதானே? (கொளச்சல் வாசகர்)

கிட்டத்தட்ட. 1741-ல கேரளக் கரையில இருந்த டச்சுக்காரங்க படாவியாவுல (இப்போதைய ஜகார்த்தா) இருந்து ஆள் கேட்டாங்க, அங்க ஜாவாவுலயே சண்டை, ஆள் வரல. கொளச்சல்ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாகிட்ட மாட்டின டச்சுப் படைக்காரர் டிலனாய் பிறகு அவருக்கே படை பழக்கி, உதயகிரிக் கோட்டையிலதான் அடங்கிக் கிடக்காரு, நேரம் கிடைச்சா போய்ப் பாருங்க. ஒப்பீட்டை ரொம்ப இழுக்காதீங்க, அவன் மிளகுக்கு வந்தவன், இங்க எலெக்‌ஷன் நடத்த வரல.

கேள்வி: தகராறு அதோட முடிஞ்சுதா? (கருங்கல் வாசகர்)

எங்க முடிய. 2014-ல மறுபடி அதே அப்துல்லா, எதிர்ல அஷ்ரப் கனி, ஓட்டு எத்தனைன்னு சொல்லாமலே ஜெயிச்சவரை அறிவிச்சாங்க. 2019 எலெக்‌ஷனுக்கு அப்புறம் 2020 மார்ச் 9-ல ஒரே ஊர்ல ஒரே நாள்ல ரெண்டு பேரும் தனித்தனியா பதவியேத்தாங்க. 2021 ஆகஸ்ட் 15-ல காபூல் தாலிபான் கையில.

கேள்வி: ஓட்டு போட்ட மை விரல்ல அசிங்கமா நிக்குது, அடுத்த வாரம் அக்கா கல்யாணம், போக வழி உண்டா மாமா? (நாகர்கோவில் கல்லூரி மாணவி)

2004-ல ஆப்கானிஸ்தான்ல மை உடனே அழிஞ்சு போயிட்டுன்னுதான் வேட்பாளருங்க எலெக்‌ஷனையே புறக்கணிக்கக் கிளம்பினாங்க மக்களே. 2014-ல ஹெராத்ல ரெண்டாவது ரவுண்டு ஓட்டு போட்டுட்டு வந்த 11 பேருக்கு, மை இருந்த விரலை தாலிபான் வெட்டிட்டு. உனக்கு நகம் வளர வளர தானா போயிரும், அதுவரைக்கும் மருதாணி வச்சுக்கோ.