உலோகமில்லாத வினையூக்கி: கரிக்கு அந்த ஆற்றல் எப்படி வருகிறது?

கேள்வி: எரிபொருள் மின்கலத்தில் பிளாட்டினம் செய்யும் வேலையை நைட்ரஜன் கலந்த கார்பனும் செய்யும் என்று படித்தேன். அது எப்படி? ஆய்வகத்தில் அதை எவ்வாறு தயாரிக்கிறார்கள்?
- முதுகலை வேதியியல் மாணவி, காரைக்குடி

பதில்: இங்கே பிளாட்டினத்தின் வேலை, ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்கும் வினையை (ஆக்சிஜன் ஒடுக்கம்) விரைவுபடுத்துவது. தூய கார்பன் தளத்தில் எலக்ட்ரான்கள் ஏறத்தாழ சீராகப் பரவியிருப்பதால், ஆக்சிஜன் மூலக்கூறு அங்கே எளிதில் பற்றிக்கொள்வதில்லை. கார்பனின் எலக்ட்ரான் கவர்தன்மை 2.55, நைட்ரஜனுடையது 3.04. ஆகவே சில கார்பன் அணுக்களின் இடத்தில் நைட்ரஜன் அமரும்போது அருகிலுள்ள கார்பன் சற்றே நேர்மின் தன்மை அடைகிறது. ஆக்சிஜன் அங்கே பற்றிக்கொள்ள, அதன் பிணைப்பு தளர்கிறது. இப்படி நைட்ரஜன் கலந்த கார்பன் நானோகுழாய்கள் கார ஊடகத்தில் பிளாட்டினத்தையும் விஞ்சுவதை 2009இல் அமெரிக்காவில் லிமிங் டாய் குழுவினர் காட்டினர். பிரிடின் வகை நைட்ரஜனை (இரு கார்பன்களுடன் மட்டும் பிணைந்த நைட்ரஜனை) அடுத்த கார்பனே வினை நிகழும் இடம் என்று 2016இல் ஜப்பானின் நாகமுரா குழுவினர் வாதிட்டனர். அமில ஊடகத்தில் இப்பொருள்களின் திறன் கணிசமாகக் குறைகிறது.

தயாரிப்பு கடினமன்று. குளுக்கோசுடன் யூரியா அல்லது மெலமினைக் கலந்து, காற்றுப் புகாமல் ஆர்கானில் 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கலாம். வெப்பநிலை குறைந்தால் நைட்ரஜன் மிகுதியாகத் தங்கும், ஆனால் மின்கடத்தல் போதாது. கூடினால் கடத்தல் மேம்படும், நைட்ரஜன் வெளியேறிவிடும். ஆயத்தக் கார்பனை அம்மோனியாவில் சூடாக்குவது மற்றொரு வழி. அம்மோனியா கார்பனைச் சிறிது அரித்து நுண்துளைகளையும் உண்டாக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் இத்துறையின் உண்மையான சிக்கல் அதுதான்: உலோகமில்லாதது எனப்படும் கார்பனில் எஞ்சியிருக்கும் உலோகம். டாய் குழுவினரின் குழாய்களே இரும்பு தாலோசயனின் என்ற இரும்புள்ள கரிமச் சேர்மத்திலிருந்து வளர்க்கப்பட்டவை. இரும்பைப் பின்னர் மின்வேதி முறையில் நீக்கினார்கள். கிராஃபைட்டைப் பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றினால் மாங்கனீசு எஞ்சக்கூடும். நைட்ரஜனுடன் பிணைந்த இரும்பு இவ்வினையை மிக வேகமாக ஊக்குவிப்பதால், மிகச் சிறிதளவு இருந்தாலும் அதன் வேலை கார்பனின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். எக்ஸ் கதிர் ஒளியெலக்ட்ரான் நிறமாலையில் உலோகம் தெரியவில்லை என்பது மட்டும் போதிய சான்றாகாது, அதன் கண்டறியும் எல்லை அவ்வளவு நுட்பமானதன்று. மாதிரியை அமிலத்தில் சிதைத்துக் கரைத்து, தூண்டல் பிணைப்பு பிளாஸ்மா நிறை நிறமாலையில் (ICP-MS) அளப்பது நல்லது. சயனைடு இரும்புடன் பிணைந்து அதை முடக்கும் என்பதால், அதைச் சேர்த்தபின் வினை வேகம் சரிந்தால் இரும்பின் பங்கைச் சந்தேகிக்கலாம். சயனைடைக் கையாளும்போது கரைசல் கட்டாயம் காரமாகவே இருக்க வேண்டும், ஆசிரியரின் மேற்பார்வையும் வேண்டும். அளவீட்டில் மின்சுற்றை நிறைவு செய்யும் துணை மின்வாயாகப் (counter electrode) பிளாட்டினக் கம்பியையும் பயன்படுத்தாதீர்கள். அது கரைந்து உங்கள் கார்பன்மீது படியக்கூடும் என்பதால் கிராஃபைட் தண்டே ஏற்றது.