பெயரில் ‘பேங்க்’ இருந்தால் போதுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் வசிக்கிறேன். தென்னந்தோப்பை விற்ற 7 லட்சத்தை மகள் கல்யாணத்துக்காக ஊரிலுள்ள சர்வீஸ் சஹகரண (கூட்டுறவு) பேங்கில் டெபாசிட் செய்தேன். முதிர்ந்து 16 மாதமாகியும் பணம் வரவில்லை. வட்டியில்லாமல் அசலை மட்டும் 20 மாதத் தவணையில் தருவதாகச் சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கிக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். வழக்குப் போடலாமா?

பதில்: ஐயா, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் செக்ரட்டரி கட்டிய புது வீட்டைப் பற்றியது. வயிற்றெரிச்சல் நியாயம்தான். வழக்குக்கு அது உதவாது. ரசீதில் ‘பேங்க்’ என்பதற்கு முன்னால் ‘சர்வீஸ்’ என்று இருக்கிறதே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. சட்டப்படி அது தொடக்க வேளாண் கடன் சங்கம். 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரும் இல்லை, 2020 முதல் வங்கி டெபாசிட்தாரர்களுக்கு இருக்கும் 5 லட்சம் காப்பீடும் இல்லை. ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற அர்பன் பேங்காக, அதாவது நகரக் கூட்டுறவு வங்கியாக இருந்திருந்தால் பெரும்பாலும் இரண்டும் கிடைத்திருக்கும். இப்படி ‘பேங்க்’ என்று பெயர் வைத்துக்கொள்ளும் சங்கங்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 நவம்பரில் எச்சரித்தது. உங்கள் சங்கத்தைக் கண்காணிப்பது கேரளக் கூட்டுறவுப் பதிவாளர்.

கூட்டுறவுச் சங்கத்தின் மீதும் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அதற்குக் கெடு 2 ஆண்டு. 16 மாதம் போய்விட்டது. ரிசர்வ் வங்கிக்கு எழுதிய கடிதங்களால் அந்தக் கெடு நிற்காது. மிச்சம் 8 மாதம். அவர்கள் கேட்பதோ 20 மாதம். வாய்ச்சொல்லை நம்பி எட்டுத் தவணை வாங்கிக்கொண்டு, ஒன்பதாவது மாதம் கெடு தாண்டி என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு.

இன்னொன்று, ‘ரசீதைப் புதுக்கித் தருகிறோம்’ என்று பழையதை வாங்கிக்கொண்டு இன்றைய தேதியில் புதியதைக் கொடுப்பார்கள். அதோடு உங்கள் டெபாசிட் முதிராத டெபாசிட் ஆகிவிடும். முதிராத பணத்துக்கு எந்த மன்றத்தில் புகார் சொல்வீர்கள்? எல்லைப்புறத்தில் நம்மவர்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், பலருக்குப் படிக்கத் தெரியாது. முதல் தவணை வாங்கிய அன்றே ‘கணக்கு முழுவதும் தீர்ந்தது’ என்ற மலையாளத் தாளுக்குக் கீழே அழகாகத் தமிழில் கையெழுத்துப் போட்ட ஒரு பெரியவரின் தாளை நானே கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் செய்ய முடியவில்லை.

சமரசத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். வட்டியை விடுங்கள். கையில் பணமில்லாத சங்கத்தின் மீது தீர்ப்பு வாங்கினாலும் வசூலிக்க ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். மகள் கல்யாணம் அதுவரை காத்திருக்காது. ஆனால் நிர்வாகக் குழுவின் தீர்மான எண், தேதியோடு கடிதம் வாங்குங்கள். பாக்கி 7 லட்சம் என்று அதில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கெடு முடிவதற்குள் எழுத்தில் அப்படி ஒப்புக்கொண்டால்தான் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஓடும். ஒரு தவணை தவறினாலும் மீதி முழுவதும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்றும் எழுதியிருக்க வேண்டும். கடைசித் தவணை கைக்கு வரும்வரை மூல ரசீதைக் கொடுக்காதீர்கள். இந்த மாதத்துக்குள் கடிதம் வரவில்லையென்றால் பேச்சை நிறுத்திவிட்டுப் பாலக்காடு நுகர்வோர் ஆணையத்தில் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.