பைத்தான் நிரல்மொழி முதல் படி: கேள்வி பதில்

கேள்வி: யூடியூபில் பைத்தான் 2 பாடங்கள் நிறைய இருக்கே, அதைப் பார்த்துப் படிக்கலாமா சார்?

பதில்: வேண்டாம். 2020 ஜனவரி 1-ஓடு பைத்தான் 2-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. அதில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதும் பிரின்ட் (திரையில் காட்டும் கட்டளை), பைத்தான் 3-இல் சின்டாக்ஸ் எரர், அதாவது இலக்கணப் பிழை தரும். 3-ஐயே படியுங்கள்.

கேள்வி: இரண்டு இன்புட் வாங்கி 20, 5 கொடுத்தேன். கூட்டினால் 25 வராமல் 205 வருதே?

பதில்: இன்புட் எதை வாங்கினாலும் ஸ்ட்ரிங்காகத்தான், அதாவது எழுத்துச் சரமாகத்தான் தரும். இரண்டு ஸ்ட்ரிங்குக்கு நடுவே கூட்டல் குறி போட்டால் ஒட்டத்தான் செய்யும். வாங்கும் இடத்திலேயே இன்ட் ஃபங்ஷனுக்குள் போட்டு முழு எண்ணாக்குங்கள். பயனர் 20.5 என்று அடித்தால் இன்ட், ‘வேல்யூ எரர்’ என்ற பிழை தரும். தசமம் வரக்கூடிய இடத்தில் ஃப்ளோட் போடுங்கள். ஆனால் பணக் கணக்குக்கு ஃப்ளோட் கூடவே கூடாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 வரும். 0.1-ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாததுதான் காரணம். பைசாவாக மாற்றி முழு எண்ணில் கணக்குப் போடுவது நல்லது.

கேள்வி: லிஸ்ட்டை இன்னொரு பெயரில் நகல் எடுத்தேன். நகலில் ஒன்றை நீக்கினால் மூலத்திலும் போய்விடுகிறது.

பதில்: சமக்குறி நகல் எடுக்காது, அதே லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் வைக்கும், அவ்வளவுதான். காப்பி மெதடைக் கூப்பிடுங்கள். லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் இருந்தால் அதுவும் போதாது, காப்பி மாட்யூலில் (பைத்தானோடு வரும் நிரல் தொகுப்பு) உள்ள டீப்காப்பி வேண்டும்.

கேள்வி: அண்ணா, ‘தமிழ்’ என்ற சொல்லுக்கு, நீளம் சொல்லும் லென் ஃபங்ஷன் 5 என்கிறது. மூன்று எழுத்துதானே?

பதில்: தமிழில் நிரல் எழுத வருகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. லென் எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோட் குறியெண்களை (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் வைத்திருக்கும் எண்). ‘த’ ஒன்று. ‘மி’ என்பது மகரமும் இகரக் குறியும், ஆக இரண்டு. ‘ழ்’ என்பது ழகரமும் புள்ளியும், இன்னும் இரண்டு. இதே சொல்லை ஸ்லைஸ் (துண்டெடுக்கும் முறை) போட்டுப் பின்னிருந்து முன்னாகத் திருப்பினால் புள்ளி தனியே முன்னால் வந்து நிற்கும், இகரக் குறி ழகரத்தில் ஏறி ‘ழி’ ஆகிவிடும். சொல் விளையாட்டு, எதுகை தேடல் எதை எழுதினாலும் இங்கேதான் கணக்குத் தப்பும். ஓப்பன் தமிழ் என்ற நூலகத்தை பிப் (நூலகம் நிறுவும் கருவி) மூலம் நிறுவி, அதில் உள்ள கெட் லெட்டர்ஸ் ஃபங்ஷனிடம் கொடுத்தால் சரியாக மூன்று எழுத்தாகப் பிரித்துத் தரும். விண்டோஸில் தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் (எழுத்தைச் சேமிக்கும் முறை) யுடிஎஃப்-8 என்று நீங்களே குறிப்பிடுங்கள். விட்டால் பல கணினிகளில் எழுத்து சிதைந்து வரும்.

கேள்வி: ரேண்டம் மாட்யூலை இம்போர்ட் செய்தேன். அதில் ஏதாவதொரு முழு எண்ணைத் தரும் ரேண்ட்இன்ட்டே இல்லை என்று எரர் வருகிறது.

பதில்: உங்கள் கோப்புக்கும் ரேண்டம் என்றே பெயர் வைத்திருக்கிறீர்களா பாருங்கள். பைத்தான் முதலில் தேடுவது நிரல் இருக்கும் ஃபோல்டரில்தான், அதனால் உங்கள் கோப்பையே இம்போர்ட் செய்துகொள்கிறது. பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள்.