மாதவிடாய் ஆப்பில் நம் விவரம் பத்திரமாக இருக்குமா?

மாதவிடாய் தேதி குறிக்கும் ஆப்பை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆப்பைப் பொறுத்தது. பயனர்களின் உடல்நலத் தகவலை ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக ஃப்ளோ (Flo) என்ற மாதவிடாய் ஆப் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் புகார் சொன்னது. 2021-ல் சமரசத்தில் முடிந்தது. ஆப்புக்குள் செருகியிருக்கும் விளம்பர, கணக்கெடுப்பு நிரல்கள் வழியாகத்தான் இப்படிக் கசியும்.

ஆனால் எங்கள் கம்பம் பக்கம் ஆபத்து இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் என் சித்தி மகளின் போன், வீட்டில் எல்லார் கையிலும் புரளும். ஒருநாள் தம்பி அதில் ஜீப் டிரைவருக்கு வீடியோ காட்டிக்கொண்டிருந்தான். திரையின் மேலே பளிச்சென்று, “இன்னும் 2 நாளில் பீரியட்ஸ்”. பாவம், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதனால் முதலில் அறிவிப்பை அணைத்து, ஆப்புக்குப் பூட்டுப் போடுங்கள். லொகேஷன், கான்டாக்ட்ஸ் அனுமதி எதற்கு? மறுத்துவிடுங்கள். ட்ரிப் (drip) போன்ற மாதவிடாய் ஆப்பில் கணக்கே தொடங்க வேண்டாம். குறித்ததெல்லாம் போனிலேயே இருக்கும். நான் அதைத்தான் சொல்வேன். அப்புறம், பழைய ஆப்பைச் சும்மா அன்இன்ஸ்டால் செய்தால் சர்வரில் உள்ளது அழியாது; முதலில் அதன் அமைப்புகளுக்குள் போய்க் கணக்கை நீக்குங்கள்.

சித்தி மகள் இப்போது தினசரி காலண்டரில் பென்சில் புள்ளி வைக்கிறாள். பால் கணக்கென்று எல்லாரும் நினைக்கிறார்கள்.