ஆடுகிறவளின் கால்

*அன்புள்ள ஆசிரியருக்கு,*

*என் மகளின் அரங்கேற்றத்தை ஒட்டி ஒரு பெரிய ஓவியம் வரையச் சொல்லி வாங்கியிருக்கிறேன். பின்னால் தஞ்சைப் பெரிய கோயில் விமானம், முன்னால் பரதம் ஆடும் பெண். முழங்காலுக்குக் கீழே மேகமும் தாமரைகளும். நண்பர் ஒருவர் 'இது வெறும் காலண்டர் படம்' என்று சொல்லிவிட்டார். இது கலை இல்லையா? இதைக் கூடத்தில் மாட்டுவதா, பூஜை அறையிலா? புகைப்படம் இணைத்திருக்கிறேன்.*

*ஒரு வாசகர்*

அன்புள்ள நண்பருக்கு,

காலண்டர் படமா என்ற பேச்சை விடுங்கள். நம்மில் பலர் வீட்டுக்குள் நாட்டியம் முதலில் காலண்டரில்தான் வந்தது. அது ஒரு வசவே இல்லை. தங்க ரேக்கு, நகை, முத்திரை பற்றியும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. முகம் கனிவாக வந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் கால் எங்கே?

சென்ற மாதம் சிதம்பரம் போய்வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிறுவயதில் எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். இளமையில் கோயிலில் ஆடியவர். எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த நாட்டியப் படத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இவ எங்க ஊனி நிக்கிறா?" என்று கேட்டார். பிறகு என்னைத் திண்ணையில் நிறுத்தி, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்து அரைமண்டியில் உட்கார வைத்தார். ஒரு நிமிடத்தில் தொடை நடுங்கிவிட்டது. "இதுதான் ஆட்டம். கையெல்லாம் அப்புறம்" என்றார். உங்கள் மகளுக்கு இது தெரியும். எத்தனை வருடம் அந்த அரைமண்டிக்காகத் திட்டு வாங்கியிருப்பாள்! அந்த உழைப்பை மேகம் போட்டு மூடுவதற்கு எப்படி ஐயா சம்மதித்தீர்கள்?

கோயிலும் காலில்தான் நிற்கிறது. ஆயிரம் தூண் மண்டபம் என்று யாராவது சொல்கிறோமா? ஆயிரங்கால் மண்டபம் என்கிறோம். சிற்ப நூல்கள் விமானத்துக்கு அதிட்டானம் என்ற அடித்தளம், கால், பிரஸ்தரம் என்ற கூரைப்பகுதி, கழுத்து, சிகரம், ஸ்தூபி என்று கீழிருந்து மேலாக ஆறு உறுப்புகள் சொல்கின்றன. தஞ்சையின் சுமார் 216 அடி விமானம் ஆயிரம் ஆண்டுகளாக நிற்பது அடியில் உள்ள கனத்தால். அரைமண்டியில் நிற்கும் பெண்ணும் அதே போலப் பாரத்தைக் கீழே இறக்கித்தான் மேலே லேசாகிறாள். நாட்டியத்துக்கும் கோயிலுக்கும் உள்ள உறவை வரைய விரும்பிய ஓவியர், அந்த உறவு இருக்கும் இடத்தையே அழித்துவிட்டார். அவள் தரையில் இல்லாவிட்டால் பின்னால் இருப்பது வெறும் திரைச்சீலைதான்.

தஞ்சைக் கோயிலின் மேல்தளத்துச் சிற்பங்களில் சிவனே கரணங்களை, அதாவது கையும் காலும் சேர்ந்த நாட்டிய அசைவுகளை, ஆடுகிறார். நூற்றெட்டில் 81 மட்டுமே முடிந்தன, மிச்சக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. சிதம்பரம் கோபுர வாயிலில் அதே கரணங்களைப் பெண்கள் ஆடுகிறார்கள். அந்தச் சிற்பங்களில் பாருங்கள், ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு முடிவு இருக்கிறது. ஊன்றிய பாதம், குதிகால் தூக்கிய பாதம், தலைவரை எடுத்த பாதம். சிற்பி எங்கும் தப்பித்துப் போகவில்லை.

எடுத்தபாதம் என்பது ஒரு பெண்ணின் பெயரும்கூட. ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயிலில் ஆடும் பெண்களை, தஞ்சைக்குக் கொண்டுவந்து குடியேற்றினான். கல்வெட்டில் தெரு, தெருவின் எந்தச் சிறகு (பக்கம்), எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் கணக்கு இருக்கிறது. நக்கன் எடுத்தபாதம் அவர்களில் ஒருத்தி. ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதை அளந்த மரக்காலின் பெயர்கூட ஆடும் சிவனின் பெயர்தான், ஆடவல்லான்! மண்ணில் வீடும் நெல்லும் இருந்தவர்களை நாம் அப்சரஸாக்கி மேகத்தில் ஏற்றி வைத்திருக்கிறோம். பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டுதலை 1947இல் சட்டம் தடுத்தது, அது சரிதான். ஆனால் ஆடியவர்களையும் சேர்த்தே மறந்தோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அந்தப் பாட்டிக்கு எந்தச் சுவரிலும் படமில்லை.

கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்காக ஓவியம் வரையச் சொல்லும் அப்பா எத்தனை பேருக்கு வாய்ப்பார்? ஓவியரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். மகள் வெறும் தரையில் சலங்கையோடு அரைமண்டியில் நிற்கட்டும். அவர் பார்த்து, மேகத்தை அழித்துவிட்டு, விரல் விரிந்த இரண்டு பாதங்களையும் கீழே கல்தளத்தையும் வரையட்டும்.

எங்கே மாட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். அவள் தினமும் பயிற்சி செய்யும் இடத்தில்.